செயலாளர் ஆண்டறிக்கை, 2023–24

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. ஏப்ரல் 2, உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள் நிகழ்ச்சி வழக்கம்போல் நடந்தது. பொங்கல் விழாவும் நடந்தது. பதிவுத்துறைக்கு உரிய படிவங்களை அனுப்பிவிட்டோம்.

வயது வந்தவர்களுக்கு ஆட்டிசப் பரிசோதனையில் துணைபோகும் பணி பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ‘செயலாளர் தம் மகளுக்காகச் சங்கத்தை இழுக்கிறார்’ என்று ஜனவரிக் கூட்டத்தில் பேசப்பட்டது. என் மகளுக்கு ஆட்டிசம் என்று 31 வயதில்தான் தெரிந்தது. அந்தப் பட்டறிவு இல்லாவிட்டால் இதில் இறங்கியிருக்க மாட்டேன். ஆனால் இந்த ஆண்டு நான் உடன்போன ஒன்பது பேரில் அவள் இல்லை. ஏழு பேர் பெண்கள். இருவர், ஆண் பெண் என்ற இரண்டிலும் தங்களைச் சேர்த்துக்கொள்ளாதவர்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் பயன்படும் ஐசா (ISAA) என்ற இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே போனால் ஆட்டிசம் இல்லை. முதல் கேள்வியே கண்ணைப் பார்ப்பது பற்றியதுதான். ஆசிரியையாக இருக்கும் ஒருவர், எதிரில் இருப்பவரின் புருவ மத்தியைப் பார்த்துப் பேசப் பள்ளியிலேயே பழகிக்கொண்டவர். ‘நன்றாகப் பார்க்கிறார்’ என்று குறித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது அவர் கை. மேசைக்கடியில் துப்பட்டா நுனியை நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது ஆட்டோவில் கண்ணை மூடிச் சாய்ந்தவர் வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கும் போக முடியவில்லை. அப்படிப் பார்ப்பதற்கு என்ன பாடுபடுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

1943-இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையிலேயே 11 குழந்தைகளில் மூவர்தான் பெண்கள். ஆட்டிசம் என்றால் ஆண்பிள்ளைகளுக்குத்தான் என்று நினைக்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. ‘கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கே, உங்களுக்கு ஏது ஆட்டிசம்?’ என்று இன்னொருவரைக் கேட்டார்கள். சிறுவயது விவரம் சொல்ல அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். அம்மா இறந்து பல வருடமாகிறது. அண்ணனைத் தேடிப்பிடித்து அழைத்துப்போனோம்.

ஆண் பெண் இரண்டிலும் சேராத இருவரில் ஒருவர், தம்மைப் பெயர் சொல்லி மட்டும் அழைக்கும்படி கேட்டார். அதன்பின் முக்கால் மணி நேரமும் பாலினம் பற்றியே கேள்வி. தூக்கம் கெட்டதையும் வேலை போனதையும் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. கடைசியில் அவர் பாலினத்தைச் ‘சரிசெய்ய’ ஒருவரிடம் போகச் சொன்னார்கள். அப்படிச் சரிசெய்ய முனைவது தொழில்நெறி மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. நான் அங்கேயே எடுத்துச் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது, அதற்காக வருந்தவில்லை.

இதற்குப் பிறகுதான் இரண்டு பக்கக் குறிப்புத்தாள் ஒன்று தயாரித்தோம். என்னை எப்படி அழைக்க வேண்டும், தொடுமுன் கேளுங்கள், கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் தாருங்கள், பதிலை எழுதித் தரலாமா என்று கேட்கும் தாள். அதைப் படித்த ஓர் ஆலோசகர் எழுந்துபோய் டியூப்லைட்டை அணைத்தார். ‘என்னைப் பார்க்க வேண்டாம், ஜன்னலைப் பார்த்தே பேசுங்கள்’ என்றார். நான் அழைத்துப்போனவர் அன்று இரண்டு மணி நேரம் பேசினார்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பெரும்பகுதி வாடகைக்கும் அச்சுக்கும் போயிற்று. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. பாதிப்பேருக்கு மேல் சந்தா பாக்கி. சிலருக்கு மூன்று வருடப் பாக்கி. ஆட்டோ செலவு எதையும் நான் சங்கக் கணக்கில் எழுதவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

மார்ச் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். பிள்ளைகளைப் பார்க்கவே நேரமில்லை என்கிறார்கள். பெற்றவள் என்ற முறையில் எனக்கும் அது தெரியும். ஆனால் நம் பெண்பிள்ளைகளில் நால்வருக்கு வரும் ஆண்டு 18 வயது முடிகிறது.

இடம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், தாளை அச்சிட்டுத் தந்தவருக்கும், துணைத்தலைவருக்கும் நன்றி.

செயலாளர் பொறுப்பை யார் ஏற்க முன்வந்தாலும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். துணைபோகும் பணியை மட்டும் விட மனமில்லை, ஆனால் தனியாக முடியவில்லை. ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். முதலாமவருக்கு ஜூன் இரண்டாம் வாரம் தேதி கிடைத்திருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு அவருடன் போக இன்னொருவர் வேண்டும்.