பழைய முறையா, புதிய முறையா? வருமான வரி ரிட்டர்ன் போடும் முன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் பாளையங்கோட்டை அலுவலகத்தில் ஒரே கேள்விதான் கேட்கும்: "புதுசுல போடவா, பழசுல போடவா?" கேட்கிறவர்கள் பலர் பதிலையும் கையோடு கொண்டுவந்து விடுகிறார்கள். எங்க ஹெட்மாஸ்டர் புதுசுதான் நல்லதுன்னாரு, மச்சான் பழசுல போட்டு ரீஃபண்டு வாங்கிட்டான் என்று. ஹெட்மாஸ்டருக்கு வீட்டுக்கடன் இருக்கிறதா, மச்சான் எவ்வளவு வாடகை கொடுக்கிறார் என்று தெரியாமல் அவர்கள் முடிவை நாம் எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் சம்பளம், உங்கள் கடன், உங்கள் சேமிப்பு ஆகியவற்றை வைத்து இரண்டு கணக்கும் போட்டுப் பார்த்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்பதை நீங்களே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. "புதுச் சட்டம் வந்தாச்சு, இனிமே பழைய முறை கிடையாதாமே" என்று சிலர் பதறிக்கொண்டு வருகிறார்கள். அது வேறு, இது வேறு. இப்போது நாம் கணக்குக் காட்டப் போவது 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கு. அதற்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம்தான் பொருந்தும். அதில் இரண்டு முறைகளும் இருக்கின்றன.

புதிய முறை 2020 பட்ஜெட்டில் வந்தது. 2023-24 முதல் அதுவே இயல்பான முறை. அதாவது நீங்கள் வாய் திறந்து பழையது வேண்டும் என்று சொல்லாவிட்டால் புதியதில்தான் கணக்குப் போடுவார்கள். இதில் 4 லட்சம் வரை வரி இல்லை. அடுத்த ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் கழிவுகள் அநேகமாகக் கிடையாது. ஆனால் சம்பளக்காரருக்கும் பென்ஷன்காரருக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. அப்புறம், கழிவு போக மிஞ்சும் வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் போட்ட வரி முழுவதையும், 60,000 ரூபாய் வரை, தள்ளுபடி செய்துவிடுகிறார்கள்.

பழைய முறையில் 2.5 லட்சம் வரை வரி இல்லை. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 3 லட்சம், 80 தாண்டியவர்களுக்கு 5 லட்சம். அதற்கு மேல் 5 லட்சம் வரை 5 சதவீதம், 10 லட்சம் வரை 20 சதவீதம், பிறகு 30 சதவீதம். நிலையான கழிவு 50,000தான். தள்ளுபடி 5 லட்சத்துக்குள் வருகிறவர்களுக்கு மட்டும். ஆனால் எல்ஐசி, பிஎஃப், செல்வமகள், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் சேர்த்து 80சி பிரிவில் 1.5 லட்சம், வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) 50,000, மருத்துவக் காப்பீடு, வாடகைப்படி என்று கழித்துக்கொண்டே போகலாம். இரண்டிலும் வரிக்கு மேல் 4 சதவீதம் செஸ் (கூடுதல் வரி) உண்டு.

சரி, இதை உங்கள் கைக்கணக்கில் பார்ப்போம். சம்பளம், பென்ஷன், வட்டி மட்டும் உள்ளவர்களில், எல்லாம் சேர்த்து 12.75 லட்சத்துக்குள் இருப்பவருக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. ஆண்டுக்கு 11.5 லட்சம் வாங்கும் ஓர் ஆசிரியைக்குப் புதிய முறையில் வரி பூஜ்யம். அதே பூஜ்யம் பழைய முறையில் வர வேண்டுமானால் அவர் 6 லட்சம் ரூபாய்க்குக் கழிவு காட்ட வேண்டும். யாரால் முடியும்?

இதனால் ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வருமானத்துக்குள் இருப்பவர்கள் இன்னமும் பிப்ரவரி, மார்ச்சில் "வரிக்காக" என்று அவசர அவசரமாகப் பாலிசி எடுக்கிறார்கள். அந்தப் பணத்தால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரி குறையப் போவதில்லை. அதற்காக இருக்கிற மருத்துவக் காப்பீட்டை நிறுத்திவிடாதீர்கள், மகள் பெயரில் போடும் செல்வமகள் கணக்கையும் விட்டுவிடாதீர்கள். அவை வரிக்காக அல்ல, வீட்டுக்காக. யாரோ ஏஜென்ட் வரியைக் காட்டி அவசரப்படுத்தினால் மட்டும் எங்களுக்கு ஒரு போன் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

12.75 லட்சத்தை ஒரு பத்தாயிரம் தாண்டிவிட்டால் வரி மொத்தமாக வந்து விழுந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. சம்பளம் 12.85 லட்சம் என்றால் கழிவு போக 12.10 லட்சம். தாண்டியது 10,000 ரூபாய். வரியும் அந்த 10,000க்கு மேல் போகாது, செஸ்ஸோடு 10,400. கொஞ்சம் மேலே போகப் போகத்தான் இந்தச் சலுகை கரையும்.

அதற்கு மேலே இருப்பவர்களுக்குத்தான் உண்மையான கணக்கு. எங்களிடம் வருகிறவர்களில் பலருக்குச் சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் 15 லட்சம் சம்பளம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். புதிய முறையில் அவருக்குச் செஸ்ஸோடு 97,500 ரூபாய் வரி. பழைய முறையில் 80சி முழுதாக 1.5 லட்சம், ஊரில் அப்பா அம்மா குடியிருக்கும் வீட்டுக்கு வாங்கிய கடனின் வட்டி 2 லட்சம், என்பிஎஸ் 50,000, மருத்துவக் காப்பீடு 25,000 எல்லாவற்றையும் கழித்தாலும் வரி 1,24,800. புதியதைவிட 27,300 ரூபாய் கூடுதல்! இத்தனையும் கழித்த பிறகும் பழையது தோற்கிறது என்பதைப் பலர் நம்புவதே இல்லை. ஆனால் அவரே சென்னையில் வாடகை கொடுத்து, அதற்கான வாடகைப்படி விலக்கு 1.5 லட்சம் கிடைக்கிறது என்றால் பழைய முறையில் வரி 91,000 ஆகிவிடும். இப்போது பழையதில் 6,500 ரூபாய் மிச்சம். ஆக 15 லட்சம் சம்பளத்தில் நிலையான கழிவு போக இன்னும் சுமார் 5.44 லட்சம் கழிவு இருந்தால்தான் பழையதைப் பற்றிப் பேசவே முடியும். 20 லட்சம் சம்பளத்தில் இது 7 லட்சத்துக்கு மேல். வீட்டுக்கடனும் வாடகையும் சேர்ந்து இருப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் இது எட்டும்.

அந்தக் கழிவுகள் உண்மையானவையாக இருக்க வேண்டும். இதில் எங்களுக்கு எந்தச் சமரசமும் கிடையாது. வாடகை ரசீதை எழுதிக்கொடுத்து, கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாகக் காட்டி ரீஃபண்டு வாங்கித் தருகிறோம் என்று சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இப்போது ரிட்டர்னிலேயே பாலிசி எண், கடன் கணக்கு விவரம் எல்லாம் கேட்கிறார்கள். ஆண்டு வாடகை லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் வேண்டும். அம்மாவுக்கு வாடகை கொடுப்பதாகக் காட்டினால் பணம் வங்கி வழியாகப் போயிருக்க வேண்டும், அம்மா கணக்கில் அது வருமானமாக வர வேண்டும். பொய்க் கழிவு என்று தெரிந்தால் அபராதம் அந்த வரியைப்போல் இரண்டு மடங்கு வரை போகும். ரீஃபண்டு வாங்கித் தந்தவர் அப்போது பக்கத்தில் நிற்க மாட்டார்.

என்பிஎஸ் உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் போடும் பங்குக்குப் புதிய முறையில் கழிவு இல்லை என்றாலும், நிர்வாகம் உங்களுக்காகப் போடும் பங்குக்கு அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியில் 14 சதவீதம் வரை உண்டு. இதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் புதிய முறை தேவையில்லாமல் மோசமாகத் தெரியும்.

பென்ஷன்காரர்களுக்குப் பெரும்பாலும் புதியதே போதும். பென்ஷன் 6 லட்சம், டெபாசிட் வட்டி 3 லட்சம் வரும் பெரியவருக்கு வரி இல்லை. குடும்ப பென்ஷன் வாங்கும் அம்மாக்களுக்கு 75,000 கழிவு கிடையாது. அதற்குப் பதில் பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இரண்டில் எது குறைவோ அது. வரி இல்லை என்பதால் ரிட்டர்ன் போட வேண்டாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் போட்டாக வேண்டும். வங்கியில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்திருந்தால் அது திரும்பி வருவதும் ரிட்டர்ன் போட்டால்தான்.

"12 லட்சம் வரை வரி இல்லை" என்ற பேச்சு மனை விற்றவர்களையும் பங்கு விற்றவர்களையும் ஏமாற்றிவிடுகிறது. அந்தத் தள்ளுபடி, தனி விகிதத்தில் வரி போடும் மூலதன லாபத்துக்குக் கிடையாது. ஆனால் மனை விற்ற பணத்தில் வீடு கட்டினால் கிடைக்கும் விலக்கு புதிய முறையிலும் அப்படியே இருக்கிறது. விற்பதற்கு முன்னாலேயே வந்து கேட்டால் நல்லது, பத்திரம் முடிந்த பிறகு செய்வதற்கு அதிகம் இருக்காது. கார், பிசானம் என்று இரண்டு பூவும் (போகமும்) விளையும் வயல் இருக்கிறவர்களுக்கு விவசாய வருமானம் எந்த முறையிலும் வரிக்குள் வராது. ஆனாலும் எங்களிடம் சொல்லிவிடுங்கள். 5,000 ரூபாயைத் தாண்டினால் வரி விகிதக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டும், ரிட்டர்ன் படிவமும் மாறும்.

இனி கடை, தொழில் செய்யும் அண்ணாச்சிமார் கவனிக்க. ரதவீதியில் ஜவுளிக்கடையோ, கல்லிடைக்குறிச்சியில் அப்பளமோ, பத்தமடைப் பாய் வியாபாரமோ, எல்லோருக்கும் இதுதான். சம்பளக்காரர் வருடாவருடம் மாறிக்கொள்ளலாம். நீங்கள் அப்படி முடியாது. பழைய முறை வேண்டுமானால் கடைசி நாளுக்குள் ஃபார்ம் 10-ஐஇஏ போட வேண்டும். போட்டால் அடுத்தடுத்த வருடமும் பழையதிலேயே இருப்பீர்கள். புதியதுக்குத் திரும்பி வர ஒரே ஒரு வாய்ப்பு. திரும்பிய பிறகு தொழில் வருமானம் இருக்கும் வரை பழையதுக்குப் போகவே முடியாது. முன்பு பழையதுக்குப் போனவர்களில் பலருக்கு இப்போது 12 லட்சத் தள்ளுபடிக்காகத் திரும்புவது லாபம். ஆனால் மகன் படிப்பு, புது வீட்டுக்கடன் என்று வரப்போகும் வருடங்களையும் சேர்த்துப் பார்த்துவிட்டே திரும்ப வேண்டும். இதற்கு ஒரு நாள் உட்கார்ந்து பேசுவோம், போனில் முடிக்க வேண்டாம். உங்களுக்கு நிலையான கழிவு இல்லை என்பதால் எல்லை 12.75 அல்ல, 12 லட்சம்தான். கடை கூட்டு நிறுவனமாக இருந்தால் நிறுவனத்துக்கு இந்தத் தேர்வே கிடையாது, நேராக 30 சதவீதம்.

நினைத்தபடி மாற முடியாது என்ற இந்த விதி சம்பளக்காரர் சிலரையும் பிடிக்கும். பள்ளி வேலையோடு எல்ஐசி ஏஜென்சி கமிஷன் வாங்குகிறவர், போனில் எஃப் அண்ட் ஓ (பங்குச்சந்தை ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகம் செய்யும் இளைஞர், இவர்களுடைய வருமானம் தொழில் வருமானம். எஃப் அண்ட் ஓ-வில் நஷ்டம்தானே என்று மறைக்க வேண்டாம். அதையும் காட்டத்தான் வேண்டும்.

வருடத் தொடக்கத்தில் ஆபீஸில் புதியது என்று எழுதிக் கொடுத்தவர்கள் கவலைப்பட வேண்டாம். அது டிடிஎஸ் பிடிப்பதற்கு மட்டும். தொழில் வருமானம் இல்லாதவர் ரிட்டர்ன் போடும்போது மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஜூலை 31க்குள் போட்டால்தான். தாமதமானால் புதிய முறை மட்டும்தான் கிடைக்கும். பழையதில் லாபம் இருக்கிறவர் தேதியைத் தவறவிட்டால் அந்த லாபம் போனதுதான்.

வரும்போது ஃபார்ம் 16 (ஆபீஸில் தரும் சம்பள, டிடிஎஸ் சான்று), வங்கி வட்டிச் சான்று, வீட்டுக்கடன் சான்று, காப்பீட்டு ரசீதுகள், வாடகை ஒப்பந்தம், பான், ஆதார் கொண்டு வாருங்கள். ஏஐஎஸ் அறிக்கையை (உங்கள் வரவு, பரிவர்த்தனை விவரங்களை வரித்துறை தொகுத்து வைத்திருப்பது) இங்கேயே உங்கள் முன்னால் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், கைபேசி கையில் இருந்தால் போதும். இரண்டு கணக்கையும் ஒரே தாளில் அச்செடுத்துத் தருகிறோம். வீட்டில் காட்டிப் பேசிவிட்டு மறுநாள் சொன்னாலும் சரி. ஜூலை கடைசி வாரம் இங்கே கூட்டம் அதிகமாக இருக்கும், வயதானவர்கள் அதற்கு முன்பே காலையில் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரிக்கணக்கு அலுவலகத்தார்,
பாளையங்கோட்டை