உறவுமுறை என்ற கட்டத்தில் ‘தோழி’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளியூரில் நோய்வாய்ப்பட்டவருக்குத் துணை நிற்கும் நண்பர்களை நம் மருத்துவமனைகள் எப்படி நடத்துகின்றன என்பது குறித்து, மதுரையில் எனக்கு நேர்ந்ததை முன்வைத்து எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்தில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 61. சித்திரைத் திருவிழாவுக்காக மதுரைக்கு வந்து, செல்லூரில் கல்லூரிக் காலத் தோழி ஒருத்தியின் வீட்டில் தங்கியிருந்தேன். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை பார்த்துத் திரும்பிய மாலையில் தொப்புளைச் சுற்றி வலி தொடங்கியது. வெயிலில் அலைந்ததும், தண்ணீர்ப் பந்தல்களில் குடித்த நீர்மோரும் பானகமும் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று எண்ணி, ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தேன். நள்ளிரவுக்குள் வலி இறங்கி வலப்பக்க அடிவயிற்றில் நிலைகொண்டது. வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டன. வலி இப்படி இடம் மாறுவது குடல்வால் அழற்சியின் அடையாளம் என்பது எனக்குத் தெரியாது. தன் மகனுக்கு முன்பு வந்திருந்ததால் தோழிக்குத் தெரிந்திருந்தது. அதுவே என்னைக் காப்பாற்றியது. அழகர் வரும் இரவு என்பதால் கோரிப்பாளையம் பக்கமெல்லாம் கூட்டம் நெரிந்தது. ஆட்டோ சந்து சந்தாகச் சுற்றி ஒரு தனியார் மருத்துவமனையை அடைந்தபோது மணி ஒன்று. தல்லாகுளத்தில் இருக்கும் இன்னொரு தோழி, வண்டி கிடைக்காமல் நடந்தே வந்து சேர்ந்தாள்.

குடல்வால் வீங்கியிருக்கிறது, உடைவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். நான் முழு நினைவோடு இருந்தேன். ஒப்புதல் படிவத்தை வாசித்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, கையெழுத்திட்டேன். ஆனால் ரத்த சொந்தம் ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் தியேட்டருக்குக் கொண்டுபோக முடியாது என்று நிர்வாகத்தினர் கூறிவிட்டனர். எனக்கு இருக்கும் ஒரே தம்பி அகமதாபாத்தில் வசிக்கிறான். அவனுடைய கைப்பேசி அணைந்திருந்தது. பணம் கட்டவும் முழுப் பொறுப்பு ஏற்கவும் தோழியர் இருவரும் முன்வந்தும் பயனில்லை. “அக்கான்னு எழுதிருங்கம்மா, வேலை நடந்துரும்” என்று இரவுப் பணியில் இருந்த செவிலியர் இரக்கப்பட்டுச் சொன்னார். பின்னால் ஏதேனும் ஆனால் அந்தப் பெண்ணின் வேலைக்கே கேடு வரும் என்று அஞ்சி, செல்லூர்த் தோழி உறவுமுறை என்ற கட்டத்தில் ‘தோழி’ என்றே எழுதினாள். காலை ஆறரை மணிக்குத் தம்பி அகப்பட்டு, வாட்ஸ்அப்பில் ஒப்புதல் அனுப்பிய பிறகே அறுவை சிகிச்சை நடந்தது. குடல்வால் உடையும் தறுவாயில் இருந்ததாகப் பின்னர் சொன்னார்கள். உண்மையை எழுதியதால் என் உயிரோடு விளையாடிவிட்டோமோ என்று அவள் இன்றுவரை மறுகுகிறாள். அவள் மறுக வேண்டியதே இல்லை.

அடுத்த நான்கு நாட்களும் அவர்கள் முறை வைத்துக்கொண்டு என் அருகில் இருந்தனர். தண்ணீர் குடிக்கக் கூடாது என்றிருந்த வேளையில் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றியவளும், காற்றுப் பிரிந்துவிட்டது என்றதும் வீட்டுக்கு ஓடிக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தவளும், தையலைப் பிடித்துக்கொண்டு நான் நடக்கையில் இடுப்பில் கைகொடுத்து வராந்தாவின் கடைசிவரை கூடவே நடந்தவளும் அவர்கள்தாம். நினைவு தெரிந்த நாள் முதல் அழகர் ஆற்றில் இறங்குவதைத் தவறவிடாத செல்லூர்க்காரி, அந்த விடியற்காலையில் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து என் தம்பியின் எண்ணை மீண்டும் மீண்டும் அழைத்துக்கொண்டிருந்தாள்.

இதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. நினைவோடும் தெளிவோடும் இருக்கும் வயது வந்த நோயாளியின் ஒப்புதலே ஒப்புதல். சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மயக்க மருந்தின் பிடியில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாய் தந்த சம்மதம்கூட அந்தப் பெண்ணின் சம்மதத்துக்கு ஈடாகாது என்று தீர்ப்பளித்தது. ஒப்புதல் தர இயலாத நிலையில் இருப்பவருக்கு, அவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யப்படும் செயல் குற்றமாகாது என்பது 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே 92-ஆம் பிரிவாக இருந்த விதி. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமோ, வயது வந்த எவரும் தமக்கான பிரதிநிதியைத் தாமே நியமித்துக்கொள்ளலாம் என்கிறது. அந்தப் பிரதிநிதி உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. மனநலச் சிகிச்சைக்குப் பொருந்தும் இந்த ஏற்பாடு வயிற்று வலிக்கு ஏன் ஆகாது?

மருத்துவமனைகளின் அச்சத்தை நான் அறியாதவள் அல்லள். நோயாளி இறந்துவிட்டால் அதுவரை எட்டிப் பாராத உறவினர் கூடி வந்து கண்ணாடியை உடைப்பதை இதே ஊர் கண்டிருக்கிறது. ஆனால் அந்த அச்சத்துக்கான விலையை, தனியாக வாழ்பவரும் தனியாகப் பயணம் செய்பவரும் தங்கள் உடம்பால் கட்ட வேண்டியிருக்கிறது. தேனியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் மக்கள் மருத்துவத்துக்காக நாடிவரும் ஊர் மதுரை. கோயிலுக்கும் திருவிழாவுக்கும் வருவோருக்குக் கணக்கே இல்லை. ஆகவே மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் இங்குள்ள மருத்துவமனைகள் அனைத்துக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, நினைவோடு இருக்கும் நோயாளியின் கையெழுத்தே போதும் என்பதையும், உடன் இருப்பவராக அவர் யாரைக் காட்டுகிறாரோ அவரையே ஏற்க வேண்டும் என்பதையும், சேர்க்கைப் பிரிவில் தமிழில் பலகையாக எழுதி வைக்கச் செய்ய வேண்டுகிறேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அதே கட்டம் மீண்டும் வந்தது. தோழி மறுபடியும் ‘தோழி’ என்றே எழுதினாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதை அடித்துவிட்டு, ‘உறவினர்’ என்று எழுதிக்கொண்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்.