மலையிலேயே தொடங்க வேண்டிய சிகிச்சை

ஆசிரியர் அவர்களுக்கு,

மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையமொன்றில் செவிலியராக இருக்கும் நான், காலில் முள் குத்திச் சீழ் வைத்த முதியவர் ஒருவர், மகன் பெயரை மாற்றிச் சொல்லியபடி, நிமிடத்துக்கு 28 முறை மூச்சு வாங்கிக் கிடந்ததைக் கண்டேன். உடல் சில்லிட்டிருந்ததால் காய்ச்சல் இறங்கிவிட்டதென்று வீட்டார் நிம்மதியாக இருந்தார்கள். தொற்றுக்கு எதிராக உடல் கட்டுமீறிச் செயல்பட்டு உறுப்புகளையே பாதிக்கும் செப்சிஸில் இதுதான் பெரிய ஏமாற்று. விரல் நகத்தை அழுத்தி விட்டபின் 3 விநாடிக்குள் நிறம் திரும்பாததும் சிறுநீர் குறைவதும் ரத்த அழுத்தம் சரியுமுன்பே எச்சரிக்கக்கூடியவை. இவற்றைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம், கடிகாரம் போதும். ரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலையில் 1 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் செலுத்துமாறு 2021-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் கூறுகிறது. 108 வாகனம் அடிவாரம் சேரவே அந்த நேரம் கழிந்துவிடும் ஊர்களில், முதல் ஊசியும் சலைனும் மலையிலேயே தொடங்கும்படி, இரவிலும் மருந்து இருப்பையும் தொலைபேசியில் உத்தரவு தரும் மருத்துவரையும் சுகாதாரத் துறை உறுதிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கிராமச் செவிலியர்