அந்த ‘ன்’ எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், இறுதிச்சடங்கு ஏற்பாடு செய்துதரும் கம்பெனிகளைப் பற்றி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். ஃப்ரீசர் பெட்டி, சாமியானா, ஐயர், பூ அலங்கார வண்டி, எல்லாம் ஒரே போன்காலில். நல்லது. கட்டுரை முழுக்க கம்பெனி முதலாளி ‘சொன்னார்’, ‘விளக்கினார்’, ‘நெகிழ்ந்தார்’. நடுவில் ஒரு வரி: “முன்பெல்லாம் வெட்டியான் குடித்துவிட்டு வந்து எரித்தான், படித்தவர்கள் வந்த பிறகு இந்தத் தொழிலுக்குக் கௌரவம் கிடைத்திருக்கிறது.”

நாகை மாவட்டத்துச் சுடுகாடு ஒன்றில் 34 வருஷம் எரித்தவன் நான். (‘எரித்தவன்’ என்று நான் எழுதிக்கொள்ளலாம், நீங்கள் எழுதக் கூடாது.)

எழுதியவர் மூட்டம் போட்டுப் பார்த்திருக்கிறாரா? விறகும் வரட்டியும் அடுக்கி, உடலைக் கிடத்தி, மேலே வரட்டி மூடி, வைக்கோல் பரப்பி, குழைத்த களிமண்ணால் மெழுகி, காற்றுக்கு ஓட்டை விட வேண்டும். ஓட்டை பெரிதானால் மேலோடு எரிந்து உள்ளே அரைவேக்காடு. சிறிதானால் புகைந்து அணைந்துவிடும். நெஞ்சும் இடுப்பும் லேசில் வேகாது. காலையில் பால் தெளிக்க வரும் பிள்ளைக்கு எலும்பு சுத்தமாகக் கிடைக்க வேண்டுமானால் ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்து போய்க் கிளறிவிட வேண்டும். ஐப்பசி மழையில், ஒழுகுகிற தகரக் கொட்டகையில் இதைச் செய்ய எந்தக் காலேஜில் படிக்கிறார்களாம்?

குடித்தேன். மறைக்கவில்லை. கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர்கள், போகிற போக்கில் “குவாட்டருக்கு வச்சிக்கப்பா” என்று கையில் திணிப்பார்கள். “சாப்பாட்டுக்கு வச்சிக்க” என்று கொடுத்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

2004 டிசம்பர் 26 சுனாமி வந்ததே, எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். ஜேசிபி வைத்துக் குழி வெட்டியதைப் படம் போட்டீர்கள். ஜேசிபி குழிதான் வெட்டும். கருவேல முள்ளில் மாட்டிக்கிடந்த பிள்ளையைப் பிரித்தெடுத்தது கை. மூன்றாம் நாள் தொட்டால் தோல் கையோடு வரும். எங்களுக்குக் கையுறை வந்தது அதற்கும் அப்புறம்தான். அந்த வேலையைக் குடிக்காமல் செய்யக்கூடிய படித்தவர் யாராவது இருந்தால் அவரைக் கும்பிடுகிறேன்.

கொரோனாவும் உங்களுக்குத் தெரியாததல்ல. 2020 ஏப்ரலில் சென்னையில், இறந்துபோன டாக்டரை அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்தார்களே. அப்போது எங்களை ‘முன்களப் பணியாளர்’ என்று எழுதினீர்கள், ‘ர்’ போட்டு. பிளாஸ்டிக்கில் சுற்றி வந்த அப்பாவை மகன் கேட்டுக்கு வெளியே நின்று செல்போனில் பார்த்தார். கற்பூரம் கொளுத்தியது நான். நோய் அடங்கியது, எங்கள் ‘ர்’ரையும் திருப்பி வாங்கிக்கொண்டீர்கள்.

பெரிய மகளைப் பெண் பார்க்க வந்தபோது, “அப்பா நகராட்சியில் இருக்கார்” என்பதோடு நிறுத்திக்கொண்டோம். பாதி சர்வீஸ் தினக்கூலியிலேயே போனது தனிக் கதை. அதைக் கட்டுரையாளர் எழுத மாட்டார், படத்துக்கு நன்றாக இருக்காது.

எங்கள் பக்கம் சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் கல் இருக்கும். பாடையை இறக்கி வைத்து, நாங்கள் பாடி உத்தரவு கேட்ட பிறகுதான் உள்ளே எடுத்துப் போவார்கள். அவரும் எங்கள் வேலை பார்த்தவர்தான். அவர் ‘மயானம் காத்தார்’ என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். சரி, ராஜாவாக இருந்துவிட்டு வந்தவர்.

நான் மறுப்பு கேட்கவில்லை. அடுத்த முறை ‘மயானப் பணியாளர் எரித்தார்’ என்று போடுங்கள், போதும். ஓர் எழுத்துதான், விளம்பரத்துக்கான இடம் குறையாது.

அப்புறம், அந்தக் கம்பெனிக்காரர்களிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். இறந்தவர் நெஞ்சில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் பேட்டரிக் கருவி) வைத்திருந்தால் ஆஸ்பத்திரியிலேயே எடுத்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். சூட்டில் அது வெடிக்கும். எங்கள் எரிவாயு மேடையில் ஒரு தடவை வெடித்து உள்சுவர்க் கல் பெயர்ந்தது. நாங்கள் வீட்டாரிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே தள்ளுவோம். இவர்கள் கேட்பதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மயானப் பணியாளர்,
நாகை மாவட்டம்.