ஜப்பானுக்கு எங்களை அனுப்பியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வித்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஊர் திரும்பிய வாரத்திலேயே அறிக்கை கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கம், ஆறு புகைப்படம். ‘அங்கு கண்ட சிறந்த நடைமுறைகள்’ என்ற கட்டத்தில், மாணவர்களே வகுப்பறையைப் பெருக்குவதையும், வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு மதியச் சாப்பாடு பரிமாறுவதையும் எழுதினேன். போய்வந்த எல்லோரும் அதைத்தான் எழுதியிருப்பார்கள். எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை.

பெருக்குவதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தயவுசெய்து அதைச் சுற்றறிக்கையாக்கிவிடாதீர்கள். அங்கே முறை வைத்து எல்லாப் பிள்ளைகளும் பெருக்குகிறார்கள், ஆசிரியரும் கூட நிற்கிறார். நம் ஊரில் துடைப்பம் எந்தத் தெருப் பிள்ளையின் கைக்குப் போய்ச் சேரும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடம். 50 நிமிடத்துக்கும் ஒரே கணக்குதான்: ஐந்து முனை நட்சத்திரத்தின் முனைக் கோணங்களைக் கூட்டினால் எவ்வளவு? நானாக இருந்தால் பத்தே நிமிடத்தில் 180 பாகை என்று அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குத் தாவியிருப்பேன். அந்த ஆசிரியர் கேள்வியைப் போட்டுவிட்டு, கையில் ஒரு தாளோடு பெஞ்சு பெஞ்சாகச் சுற்றினார். யார் எந்த வழியில் போகிறார்கள் என்று குறித்துக்கொண்டார், வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் ஒரு பையனை முதலில் கூப்பிட்டார். நடுவில் இருக்கும் ஐங்கோணத்தைச் சுற்றி ஐந்து முக்கோணம், மொத்தம் 900. அதில் ஐங்கோணத்தின் வெளிக்கோணங்கள் 360-ஐக் கழித்தால் 540 என்று எழுதினான். தப்பு. ஆனால் டஸ்டர் பக்கம் யாரும் போகவில்லை. கடைசியில் ஒரு பெண் எழுந்து வந்து, ஒவ்வொரு மூலையிலும் வெளிக்கோணம் இரண்டு இருப்பதைக் காட்டி, அவன் எழுதியதற்குக் கீழேயே இன்னொரு 360-ஐக் கழித்தாள். 180. மணி அடித்தபோது கரும்பலகையில் அந்த 540 அப்படியே இருந்தது.

பின்னால் பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்கள் நின்றிருந்தார்கள். வேறு பாடக்காரர்களும் உண்டு. அவர்கள் பாடம் நடத்துபவரைப் பார்க்கவில்லை, பிள்ளைகளின் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு ‘ஜுக்யோ கென்க்யூ’ என்று பெயர்; பாட ஆய்வு என்று சொல்லலாம். ஒரு பாடத்தைக் கூடி யோசித்துத் தயாரிப்பது, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்ப்பது, பிறகு உட்கார்ந்து பேசுவது. சாயங்காலப் பேச்சில் “நன்றாக நடத்தினீர்கள்” என்று தொடங்கியவர் யாருமில்லை. “மூன்றாவது வரிசைப் பெண் போட்ட கோட்டை ஏன் அழித்தாள்?” என்று ஒருவர் கேட்டார். அதற்கே கால் மணி நேரம் போனது. மொழிபெயர்ப்பாளர் களைத்துப்போனார்.

என் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒருவர் வந்து உட்கார்ந்தால் அதற்கு இன்ஸ்பெக்‌ஷன் என்று அர்த்தம். பிள்ளைகள்கூட அன்று தலை வாரிக்கொண்டு வருவார்கள். தெரிந்த பதிலைச் சொல்லும் பிள்ளையையே எழுப்புவேன். 540 என்று சொல்லக்கூடியவனை அன்று எழுப்பவே மாட்டேன்.

அந்த நாடு ஆசிரியர்களுக்குச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பல நாட்டு ஆசிரியர்களிடம் நடத்தப்படும் டாலிஸ் ஆய்வின்படி, 2018-இல் அங்கே ஏழு முதல் ஒன்பதாம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைத்தார். ஆய்வில் கலந்துகொண்ட நாடுகளின் சராசரி 38 சொச்சம். ஆனால் அந்த 56-இல் பாடம் நடத்தும் நேரம் 18 மணிதான். நானோ பதிலி வகுப்பையும் சேர்த்து வாரத்துக்கு 30 பாடவேளை நிற்கிறேன். மிச்ச நேரத்தை, பள்ளி விவரங்களைக் கணினியில் ஏற்றும் எமிஸ் பதிவு எடுத்துக்கொள்கிறது.

அதனால் இன்னொரு குழுவை அனுப்பும் முன் ஒன்று செய்யுங்கள். மாதத்துக்கு இரண்டு பாடவேளை, பக்கத்து வகுப்பில் போய் உட்கார எங்களுக்கு அனுமதி கொடுங்கள். படிவம் வேண்டாம், புகைப்படம் வேண்டாம், மதிப்பெண் வேண்டவே வேண்டாம். சிஆர்சி என்ற குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் பவர்பாயிண்ட் பார்க்கும் நேரத்தில் பாதி இதற்குப் போதும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் அந்த நட்சத்திரக் கணக்கை என் எட்டாம் வகுப்பில் எடுக்கப் போகிறேன். வந்து பார்க்கச் சொல்லி எங்கள் அறிவியல் டீச்சரைக் கேட்டிருக்கிறேன், அவரும் சரி என்றுவிட்டார். அந்த நேரத்தில் அவருடைய வகுப்பை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

இப்படிக்கு,
ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்