துளையில் ஆழம் இல்லை, குழாயில் கிளைக்கோல் இல்லை: நிலவெப்ப ஹீட் பம்ப் பற்றிய புகார்

திகதி: 2025 பெப்ரவரி 10

பெறுநர்: முகாமையாளர், நிலவெப்ப நிறுவல் பிரிவு

விடயம்: ஒன்ராறியோ, அக்ஸ்பிரிட்ஜ் வீட்டில் கடந்த ஒக்ரோபரில் பூட்டிய 4 தொன் (எடையல்ல, வெப்பத் திறன்) ஹீட் பம்ப்; நிலத்தில் துளையிட்டு இறக்கிய குழாயில் திரவத்தைச் சுற்றவிட்டு வீட்டுக்கு வெப்பம் எடுப்பது

ஐயா,

ஜனவரியில் உங்கள் ஆட்கள் மூன்று தடவை வந்தார்கள். மூன்றாம் தடவை வந்தவர் கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த சிறு ஜம்பர் கம்பி ஒன்றை வெட்டிவிட்டு, "இனி மெஷின் நிற்காது" என்று சொல்லிப் போனார். சொன்னபடியே நிற்கவில்லை. புகாரே அதுதான்.

நிலத்தடிக் குழாயில் ஓடுவது வெறும் தண்ணீரா, கிளைக்கோல் கலந்த உறையாத திரவமா என்று பலகைக்குச் சொல்வது அந்த ஜம்பர். அது இருந்தால் தண்ணீர் உறையும் நிலை நெருங்கும்போதே மெஷின் தன்னை நிறுத்திக்கொள்ளும். வெட்டினால் இன்னும் பல பாகை கீழே போக விடும். அளவான கிளைக்கோல் உள்ள இடத்தில் அதை முதல் நாளே வெட்டியிருக்க வேண்டும். இங்கே அளவான கிளைக்கோல் இல்லை. திரவத்தின் உறைநிலையைக் காட்டும் ரிஃப்ரக்டோமீட்டரில் ஒரு துளி விட்டால் உறைநிலை −4 பாகை செல்சியஸ் காட்டுகிறது. ஒப்பந்தத்தில் எழுதியது 20 வீத புரொப்பிலீன் கிளைக்கோல். அதற்கு −7, −8 வர வேண்டும்.

எங்கே குறைந்தது என்று தேட அதிக நேரம் பிடிக்கவில்லை. உங்கள் ஆட்கள் கராஜ் ஓரத்தில் விட்டுப்போன வெறும் கிளைக்கோல் வாளிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 20 லீற்றர். ஒன்றேகால் அங்குல எச்டிபிஈ பிளாஸ்டிக் குழாய் 100 அடிக்கு ஏறக்குறைய 7.5 கலன் கொள்ளும். கீழே போயிருக்கும் 1,080 அடிக்கு (270 அடித் துளை இரண்டு, இறங்கவும் ஏறவும்) 81 கலன், அதாவது 307 லீற்றர். துளைகளை மெஷினோடு இணைக்கும் ஹெடர் குழாயையும் மெஷினையும் சேர்த்தால் 335 லீற்றர் அளவில் வரும். அதில் 40 லீற்றர் என்றால் 12 வீதம். 20 வீதத்துக்கு 67 லீற்றர், நாலாவது வாளியையும் உடைத்திருக்க வேண்டும்.

மெஷினின் இரு பக்கமும் உள்ள அளவீட்டுத் துவாரங்களில் ஊசி வெப்பமானியும் அழுத்தமானியும் செருகி, கம்பிரெசர் அரை மணித்தியாலம் ஓடிய பின் எடுத்த அளவுகள்: உள்ளே வரும் திரவம் 30 பாகை ஃபரன்ஹைட் (−1.1 செல்சியஸ்), வெளியேறுவது 23 (−5 செல்சியஸ்). −4 இல் உறையும் திரவம் −5 இல் வெளியே வருகிறது என்றால் வெப்பமாற்றிச் சுருளின் சுவரில் ஏற்கெனவே பனிக்குழம்பு பிடிக்கிறது. அது இறுகினால் சுருள் வெடிக்கும். குளிரூட்டி வாயுவும் தண்ணீரும் கலந்தால் கம்பிரெசரையும் மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே கம்பிரெசரை நிறுத்திவிட்டோம். வீடு இப்போது 10 கிலோவாட் மின்சுருளில்தான் ஓடுகிறது.

வித்தியாசம் 7 பாகை ஃபரன்ஹைட் வந்ததற்குக் காரணம் ஓட்டம் குறைவு. அழுத்த வீழ்ச்சியை உற்பத்தியாளரின் அட்டவணையில் பார்த்தால் நிமிடத்துக்கு 6.5 கலன். 4 தொன்னுக்கு 12 கலன் வேண்டும். 6.5 × 485 (இந்தத் திரவத்துக்கான மாறிலி) × 7 என்று பெருக்கினால் நிலத்திலிருந்து மணிக்கு 22,000 பிடியு வெப்பம் வருகிறது. 12 கலன் ஓடினால் இதற்கும் கூடுதலான வெப்பத்தை 4 பாகைச் சொச்ச வித்தியாசத்திலேயே எடுத்துவிடலாம், வெளியேறும் திரவமும் இவ்வளவு குளிராது.

ஓட்டத்தைத் தடுப்பது காற்று என்பதே எங்கள் முடிவு. பம்ப் பெட்டிக்குள் சரளை உருள்வது போன்ற சத்தம். அழுத்தமானி முள் நடுங்குகிறது. 45 பிஎஸ்ஐயில் விட்டுப்போனது இப்போது 12. புதுக் குழாய் விரிந்து கொடுப்பதால் முதல் மாதங்களில் அழுத்தம் கொஞ்சம் இறங்குவது வழமை, அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் காற்றை வெளியேற்ற ஒவ்வொரு குழாயிலும் திரவம் விநாடிக்கு 2 அடி வேகத்தில் ஓட வேண்டும். ஒன்றேகால் அங்குலக் குழாயில் அது நிமிடத்துக்கு 9 கலன், சமாந்தரமாக இரண்டு துளை என்றால் 18. வலுவான பம்பால் திரவத்தை வேகமாகச் சுற்றிக் காற்றை வெளியேற்றும் பறிப்பு வண்டியை உங்கள் ஆட்கள் கொண்டுவரவில்லை. தோட்டக் குழாயை மாட்டித்தான் நிரப்பினார்கள். வீட்டுக் கிணற்று மோட்டரின் தோட்டக் குழாயில் 18 கலன் எப்படி வரும்?

இனி ஆழம். ஒப்பந்தம் 350 அடியில் இரண்டு துளை, தொன்னுக்கு 175 அடி. குழாயின் மேல் அச்சடித்த அடி இலக்கங்களைப் பாருங்கள். இறக்குமுன் எடுத்த படத்தில், துளையின் அடியில் குழாய் திரும்பும் யூ வளைவின் பக்கத்தில் 4. ஹெடர் பள்ளத்தில் வெட்டிய நுனியில் 274. ஆக 270 அடி. மற்றத் துளையிலும் அதே கணக்கு. இது ஓக் ரிட்ஜஸ் மொரெய்ன் என்ற, பனியாறு விட்டுப்போன மணல் நிலம், துளை இடிந்து மூடுவது புதுமையல்ல. இடிந்தால் துளையிடும்போது ஊற்றும் சேற்றுக் கலவையின் அடர்த்தியைக் கூட்டலாம், உறைக்குழாய் இறக்கலாம், மூன்றாவது துளை போடலாம். எதுவும் செய்யாமல் 350 என்று பட்டியலில் எழுதியதைத்தான் ஏற்க முடியாது. நீர்மட்டத்துக்கு மேலுள்ள காய்ந்த மணல் வெப்பத்தை மோசமாகக் கடத்தும். இந்த நிலத்துக்கு நீளம் கூட வேண்டுமே தவிரக் குறையக் கூடாது.

துளையில் குழாயைச் சுற்றி நிரப்பும் கிரவுட் கலவையும் சந்தேகம். பட்டியலில் வெறும் பெண்டனைட் களிமண் மட்டும் இருக்கிறது, சிலிக்கா மணல் இல்லை. மணல் சேர்த்த கலவை கடத்தும் வெப்பத்தில் பாதிதான் அது கடத்தும். ஒரு துளையின் வாய் ஒரு அடி தாழ்ந்து கிடக்கிறது. அடியிலிருந்து மேல்நோக்கிக் குழாய்வழி நிரப்பியிருந்தால் இவ்வளவு தாழ வாய்ப்பில்லை. வீட்டுக் குடிநீர்க் கிணறு அதே வளவில் இருப்பதால், மேல்தண்ணீர் அந்த வழியாக நிலத்தடி நீருக்கு இறங்குவது ஹீட் பம்பை விடப் பெரிய கவலை.

ஜனவரியில் மட்டும் துணை மின்சுருள் 212 மணித்தியாலம் ஓடியதாகத் தெர்மோஸ்டாட் பதிவு சொல்கிறது: 2,120 கிலோவாட் மணி. இதற்கு உங்கள் பதில், 15 கிலோவாட் சுருளைச் சலுகை விலையில் தருகிறோம் என்பது. நிலவெப்பத்துக்குப் பணம் வாங்கிவிட்டு மின் ஹீட்டர் விற்க வருகிறீர்கள்.

செய்ய வேண்டியது இது. இந்த வாரமே பறிப்பு வண்டியுடன் வந்து, முதலில் இரு துளைகளையும் தனித்தனியே அழுத்தச் சோதனை செய்து குழாயை உருக்கி ஒட்டிய இணைப்புகளில் கசிவில்லை என்று காட்டுங்கள். பிறகு காற்றை எடுத்து, கிளைக்கோலை 20 வீதத்துக்குக் கொண்டுவந்து, அளவை எங்கள் முன்னால் எழுதிக் கையெழுத்திடுங்கள். பாதுகாப்புக்கு என்று 40 வீதம் ஊற்ற வேண்டாம். குளிரில் திரவம் தடித்து ஓட்டம் இன்னும் குறையும்.

நிலம் இளகியதும் மூன்றாவது துளை, உங்கள் செலவில், மற்றவற்றிலிருந்து 20 அடி தள்ளி. இரு துளையிலும் சேர்த்துக் குறைவாக வந்தது 160 அடிதானே என்று 160 மட்டும் தோண்டினால் நீளம் குறைந்த குழாய் ஓட்டத்தை இழுத்துக்கொள்ளும், மற்ற இரண்டும் பட்டினி கிடக்கும். ஆகவே அதுவும் 270 அடி, மணல் கலந்த கிரவுட்டுடன். ஹெடரில் உருக்கி ஒட்டிய இணைப்பு மட்டும், மண்ணுக்குள் கிளாம்ப் கூடாது. மூன்று துளைக்கு ஓட்டம் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் 4 கலன்தான் வரும் என்பதால் பம்பின் அளவையும் மறுபடி கணக்கிடுங்கள். தாழ்ந்த துளை வாயை அதற்கு முன்னரே அடைக்க வேண்டும்.

வீட்டின் வெப்ப இழப்பை எஃப்280 என்ற கனேடியத் தர முறையில் கணக்கிட்ட தாள், துளையிட்டவரின் பதிவேடு, கிரவுட் மூட்டைக் கணக்கு ஆகியவற்றின் பிரதிகளைப் பெப்ரவரி 21க்கு முன் அனுப்புங்கள். குழாய் இலக்கப் படங்களும் தெர்மோஸ்டாட் பதிவும் இத்துடன் உள்ளன. மின்கட்டணப் பட்டியல், மின்சுருள் நின்ற பிறகு வரும்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்