‘தனியார் சேகரிப்பு’ என்று ஓர் ஊர் இல்லை

பண்டைக் கிரேக்க நாணயங்களை ஏலம் விடும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் ஏலப் பட்டியல்களை வரி விடாமல் படிப்பவன் நான். வாங்க வசதியில்லை, பார்க்க ஆசை உண்டு. எடை, விட்டம், இரு பக்க அச்சும் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பது வரை எழுதுகிறீர்கள். எந்த மண்ணிலிருந்து வந்தது என்ற இடத்தில் மட்டும் ‘பழைய தனியார் சேகரிப்பு’ என்று முடித்துவிடுகிறீர்கள்.

ஏதென்ஸ் காசில் பொறித்த ஆந்தைக்குப் பக்கத்தில் ஊரைச் சொல்லும் மூன்று எழுத்துகள் உண்டு. அதையும் அப்படியே நம்புவதற்கில்லை. எகிப்திலும் அதே ஆந்தையை அடித்தார்கள். எழுத்தே இல்லாத காசுகளின் பாடு இன்னும் மோசம். சாட்டிர் என்ற காட்டுத் தேவனும் ஒரு பெண்ணும் உள்ள வட கிரேக்க வெள்ளிக் காசுகளை மாசிடோனியாவின் லேத்தே நகரத்துக்கு உரியவை என்று நெடுங்காலம் எழுதினார்கள். இன்று அந்தப் பெயரை ஐயத்தோடுதான் எழுதுகிறார்கள். வெள்ளியில் கலந்துள்ள ஈயத்தை ஆராய்ந்தால் சுரங்கம் தெரியலாம். அச்சடித்த ஊர் தெரியாது. வெள்ளி கப்பலேறிப் போகும் சரக்குதானே!

அப்போது கைகொடுப்பது புதையல்தான், அதாவது கூட எந்தக் காசு கிடந்தது என்பது. துருக்கியில் எல்மலி அருகே 1984-இல் ஏறத்தாழ 1,900 வெள்ளிக் காசுகளைத் திருட்டுத்தனமாகத் தோண்டினார்கள். மிக அரிதான ஏதென்ஸ் டெகாட்ராக்மாக்கள், அதாவது பத்து டிராக்மா மதிப்புள்ள பெருங்காசுகள், ஒவ்வொன்றும் சுமார் 43 கிராம், அந்தப் பகுதியின் பழைய நாடான லிசியாவின் காசுகளோடு கலந்து கிடந்தன. பாரசீகப் போர் வெற்றியோடு முன்பு முடிச்சுப் போடப்பட்ட அந்தப் பெருங்காசை கி.மு. 460-களில் வைக்க இந்தக் கூட்டு உதவியது. பெரும்பகுதி 1999-இல்தான் துருக்கிக்குத் திரும்பியது. எகிப்தின் அஸ்யூத் புதையலும் கிடைத்த வேகத்தில் வணிகர்களிடம் சிதறியது. ஆய்வாளர்கள் துரத்திப் பிடித்து 873 காசுகளை 1975-இல் பதிவு செய்தார்கள். கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த கிரேக்கக் காசுகளை நினைத்தாலும், கூட என்ன கிடந்தது என்று அறியும் ஏக்கம்தான் எனக்கு.

சரியான பூர்வீகம் உங்கள் வியாபாரத்துக்கும் காப்பு. 2012-இல் நியூயார்க் நாணயச் சந்தையில், சிசிலியில் அண்மையில் தோண்டியவை என்று கருதப்பட்ட காசுகளை அதிகாரிகள் கைப்பற்றினார்கள். வைத்திருந்தவர் தேர்ந்த சேகரிப்பாளர். சோதித்தால், போலி!

ஆகவே ஒரு வேண்டுகோள். முன்பு எந்த ஏலத்தில், எந்த ஆண்டில், எந்த எண்ணில் விற்றது என்பதைப் படத்தோடு போடுங்கள். தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்றே அச்சிடுங்கள். விற்றுப்போனவற்றின் படங்களையும், ஒப்படைத்தவர் தந்த தாள்களையும் எந்தக் காசுகள் ஒரே அச்சில் அடித்தவை என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுங்கள். அவர்களுக்குக் காசு வேண்டாம், படம் போதும்.

இப்படிக்கு,
ஏலத்தில் ஒருமுறையும் கை தூக்காத வாசகன்